மாரியும் தவணையும்



 இவ்வாண்டுச் சொற்பொழிவை நிகழ்த்துமாறு என்னைப் பணித்த அறக்கட்டளைக் குழுவினர், காலநிலை மாற்றத்தினால் வறிய நாடுகளின் எளிய மக்களுக்கு நேரும் துன்பத்தைப் பற்றிப் பேசுக என விஷயத்தையும் குறித்தருளினர். விஷயமோ உலகளாவியது, எனக்கோ மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையன்றி நன்கறிந்த உலகம் வேறில்லை. துருவத்துப் பனியைப் பற்றியும் பசிபிக் தீவுகளைப் பற்றியும் நான் பேசப் புகுந்தால், பிறர் எழுதியதைத் திருப்பி ஒப்புவிப்பதாகவே அது முடியும். ஆதலின், ஏறாவூர்ப் புறத்திலே தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியையும், அதன் நீரையும் மீனையும் அதனைச் சூழ்ந்த வயலையும் நம்பி ஜீவிக்கும் ஜனங்களையும் முன்வைத்தே அப்பெரிய விஷயத்தை ஆராய்வதற்கு அனுமதி வேண்டுகிறேன்.

வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவி நீருக்கும் இடையில் ஒடுங்கிய மணற்றிட்டாய் நீண்டு கிடப்பது எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எனச் சனநெருக்கம் மிக்க ஊர்களெல்லாம் ஒன்றையொன்று தொட்டு நிற்பது அங்கேதான். மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எனக் காடு தொடும் வரை வட்டை வட்டையாக வயல் பரந்து கிடப்பது படுவான்கரை. மண்முனைத் துறையிலே 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை அங்கு ஒரு கரையார் மற்றக் கரைக்குப் 'பாதை' என்னும் மிதவையேறியே போய்வந்தனர். முப்பது ஆண்டுப் போரும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் இப்பிரதேசத்தில் விட்டுச்சென்ற ஸ்திதியை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுக் குடும்ப வருமானச் செலவினக் கணக்கெடுப்பின்படி இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 4.1 பேர் வறுமைக் கோட்டின்கீழ் இருக்க, மட்டக்களப்பு மாவட்டத்தில் 11.3 பேர் இருந்தனர் என்ற ஒரு பிரமாணம் போதும்.

வெள்ளமும் வரட்சியும் புயலும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல. 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தைப் பற்றி முதியோர் இன்றும் பேசுவர். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு அடித்த புயலைக் கண்டவர்கள் இவ்வவையிலேயே பலர் இருப்பீர்கள். ஆயின், முன்னோர் இங்கு அமைத்த ஜீவனோபாயம் அனைத்தும், இடையிடையே இத்தகைய உற்பாதங்கள் நேரினும் மாரி பெரும்பாலும் தன் தவணையிலே வந்து தன் தவணையிலே போகும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தது. நான் இன்று சொல்லப் புகுவது அந்த நம்பிக்கை தளர்ந்துபோனதைப் பற்றித்தான். மழை கூடிற்று, குறைந்தது என்னும் கணக்கைக் காட்டிலும், மழை தவணை தப்பிற்று என்னும் கணக்கே ஏழையின் வீட்டில் பெரியது. ஏனெனில், அவன் பட்ட கடனுக்குரிய தவணை ஒருபோதும் தப்புவதில்லை.

இப்பிரதேசத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றுடன் வந்து சேர்கிறது. அதன்பின் வெயிலும், ஆனி ஆடியிலே மேற்கிருந்து வந்து உடலையும் மண்ணையும் உலர்த்தும் கச்சானும். ஆகவே முன்மாரிச் செய்கையே இங்கு வெள்ளாமையின் உயிர்நிலை; உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி முதலிய குளங்களின் கீழ்ப்பட்ட காணிக்காரருக்குச் சிறுபோகமும் உண்டு; மானாவாரிக்காரருக்கு அந்த ஒரு போகம்தான். வைகாசியிலே கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்தி பாடுவதும், மழை பொய்த்த காலத்தில் மழைக்காவியம் படிப்பதும் இந்த ஒற்றைப் போகத்தின்மேல் ஜனங்கள் வைத்த கவலையின் வெளிப்பாடுகளே என்று நான் எண்ணுவதுண்டு, பக்தர்கள் பொறுத்தருள்க.

இந்தத் தவணைக் கணக்கைச் சட்டமும் அங்கீகரித்திருக்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நெற்செய்கையைப் பற்றிய பூர்வீக வழக்கங்களைப் புதுப்பித்து நடைமுறைப்படுத்துவதையே தன் நோக்கமாகக் கொண்டது. அதன் வழித்தோன்றலாக இன்றும் போகந்தோறும் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை வகிக்க, நீர்ப்பாசன, கமநல உத்தியோகத்தரும் வயல் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானைமாரும் விவசாயிகளும் கூடி, விதைப்பின் கடைசி நாள் எது, குளத்துக் கதவு திறக்கும் நாள் எது, எத்தனை மாத நெல் விதைப்பது, மாடுகளை வட்டையிலிருந்து அப்புறப்படுத்தும் நாள் எது எனத் தீர்மானிப்பர். குடியாட்சி என்னும் சொல் நம் நாட்டுக்கு வருமுன்னரே குடியாட்சிக்கு இலக்கியமாய் நின்ற கூட்டம் அது என்பது என் அபிப்பிராயம். அக்கூட்டத்துக்கு வராத கக்ஷி ஒன்று மழை. வராமலேயே எல்லாம் அறிந்துகொள்ளும் கக்ஷி இன்னொன்று, கடன் கொடுத்தவன்.

2011ஆம் ஆண்டில் நடந்ததை நினைவுகூர்க. லாநினா என்னும் பசிபிக் சமுத்திரத்துக் குளிர்ச்சி வலுவாக நிலவிய அந்தப் பருவத்தில், தை மாதத்திலே, அம்மாதத்துக்கு வழக்கமான அளவைப் பன்மடங்கு விஞ்சிய மழை இங்கே கொட்டிற்று. கிழக்கிலும் அயல் மாகாணங்களிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்தவர். நீர் வடிந்து, மிஞ்சிய கதிர்களை அறுக்கலாமென ஜனங்கள் நிமிர்ந்த வேளையில், மாசியில் இரண்டாம் வெள்ளம் வந்தது. இதே மழை கார்த்திகையில் பெய்திருந்தால் குளம் நிரம்பிற்று எனப் பொங்கியிருப்பார்கள். கதிர் பழுத்த காலத்தில் பெய்தமையால் நெல் வயலிலேயே முளைத்தது. வானம் தந்த நீரின் அளவு ஒன்றே. வந்த நாள் வேறு. அந்த நாளுக்குள், விதைநெல்லுக்கும் உழவு இயந்திரக் கூலிக்கும் பசளைக்கும் களைநாசினிக்கும் என மனைவியின் தாலிக்கொடி வரை ஈடு வைத்து வாங்கிய பணம் முழுவதும் மண்ணுக்குள் போயிருந்தது.

ஐந்தாறு ஆண்டுகள் கழிந்து அதற்கு நேர்மாறான துன்பம் நேர்ந்தது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவம் பொய்த்துப்போக, நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சியெனச் சொல்லப்பட்ட 2017 தொடர்ந்தது. வயல் கைவிட்ட இடத்தில் நுண்கடன் கம்பனிகள் கைகொடுக்க வந்தன. ஈடு கேட்காமல், வீட்டு வாசலில் வந்து, பெண்களைக் குழுவாக இருத்தி, ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை நிற்கச்செய்து கொடுத்த அக்கடன், கிழமைக்குக் கிழமை வசூலிக்கப்படும் இயல்புடையது. ஆண்டில் ஒருமுறை அல்லது இருமுறை வருமானம் காணும் குடும்பம் கிழமைக்கொருமுறை கட்டுவதென்பது எவ்வாறு? ஒரு கம்பனிக்குக் கட்ட மற்றொரு கம்பனியிடம் வாங்கினர். அயலவள் முகத்தில் விழிக்க நாணிக் கதவடைத்துக் கிடந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பிள்ளைகளைத் தாயாரிடம் ஒப்புவித்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டவர்கள் அநேகர். 2018ஆம் ஆண்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. வரட்சிக்கும் கடனுக்கும் உள்ள சம்பந்தத்தை அரசே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது என்பதால் அதனை நான் முக்கியமாகக் கருதுகிறேன்; ஆனால், தள்ளுபடி என்பது முறிந்த காலுக்குக் கட்டுப்போடும் காரியமேயன்றி, அடுத்த பருவத்தில் மீண்டும் அதே குழியில் விழாதவாறு வழிசெய்யும் காரியமன்று.

இனி, வாவிக்கு வருவோம். இங்குதான் விஷயம் சிக்கலாகிறது. சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

வாவி கடலோடு சேரும் வாய்கள் இரண்டு. வடபால் பாலமீன்மடுவில் உள்ளது ஒன்று. தென்பால் கல்லாற்றுப் பக்கம் உள்ளது மற்றொன்று. கோடையிலே கடலலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை மூடிவிடும். மாரி தொடங்கி, முந்தனையாறும் நவகிரியாறும் சிற்றாறுகளும் மேற்கிலிருந்து வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்க, வெளியேற வழியின்றி நீர்மட்டம் ஏறும். ஆற்றுவாழை திரள்திரளாக மிதந்துவந்து பாலங்களின் கீழ் அடைத்துக்கொள்ளும். கரையோர வட்டைகளில் பயிர் மூழ்கும். முகத்துவாரத்தை வெட்டுக என்னும் கோரிக்கை கச்சேரிக்கு வந்து சேரும். முற்காலத்தில் மண்வெட்டியோடு ஊரார் கூடிச் செய்த இக்காரியத்தை இன்று பாரிய இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. வெட்டிய கால்வாயை நீரே அரித்து அகலமாக்கிக்கொண்டு கடலை நோக்கிப் பாயும்.

வெட்டினால் விவசாயிக்கு நன்மை. மீனவனுக்கோ, வாவி முழுவதும் பரவி வளர்ந்துகொண்டிருந்த இறாலும் நண்டுக் குஞ்சும் மணலை மீனும் அந்தப் பாய்ச்சலோடு கடலுக்குப் போய்விடுமோ என்ற அச்சம். வெட்டாமலே விட்டாலும் அவனுக்கு நன்மையென்று சொல்வதற்கில்லை. கடலிலிருந்து இறாற் குஞ்சு உள்ளே வருவதும் அந்த வாயிலினூடாகத்தான். எப்போது, எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதே வினா. அதற்கு விடையாக, இத்தனை மழை பெய்தால் இன்ன நாளில் இன்ன மட்டம் நிற்கும், அதற்குப்பின் இன்னும் இவ்வளவு மழை மிச்சமிருக்கும் என்ற அனுபவஞானம் இரு திறத்தார்க்கும் பொதுவாக இருந்தது. இப்போது ஐப்பசியில் ஒரு கிழமைக்குள் கொட்டித் தீர்க்கும் மழைக்கு அஞ்சி வாயை வெட்டிவிட, பின் கார்த்திகை முழுவதும் வானம் வெளித்துக் கிடக்குமாயின், வாவி வடிந்து, உவர்நீர் காலத்துக்கு முன்பே உள்ளேறி, மீனுக்கும் பயிருக்கும் ஒருங்கே கேடு சூழ்கிறது. பொறுத்துப் பார்ப்போமென்று இருந்தாலோ, ஒரே இரவில் வெள்ளம் வந்துவிடுகிறது.

இதனோடு இன்னொன்று. வாவிநீர் கடலுக்கு வடிவது வாவிமட்டம் கடல்மட்டத்தினும் உயர்ந்திருப்பதனால் மட்டுமே. அதனை இறைத்துக் கொட்டும் யந்திரம் எதுவும் இல்லை. உலகக் கடல்களின் சராசரி மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது என்று சர்வதேச விஞ்ஞானிகள் குழு கணித்துள்ளது. ஒரு சாண் உயரம் மலைநாட்டானுக்கு அற்பமாகத் தோன்றலாம். மட்டமான இந்நிலத்திலோ, ஒரு சாண் என்பது பல வயல்களின் வரம்பு உயரம். கடல் அத்தனை உயர, வெள்ளம் வடியும் வேகம் அத்தனைக்குக் குறைகிறது. கடல் கொந்தளிக்கும் புயல் நாட்களில், வாயைத் திறந்து வைத்தும் நீர் வெளியே போக மறுக்கிறது.

முகத்துவாரம் வெட்டும் தீர்மானத்தில் குரல் உள்ளவர் யார் என்று பாருங்கள். கமக்காரர் அமைப்பு மகஜர் கொடுக்கும். மீனவர் சங்கம் மறுமகஜர் கொடுக்கும். நகரத்தார் தம் வீதியில் நீர் நிற்பதைப் பத்திரிகையில் எழுதுவர். பிறர் வயலைப் பார்த்துச் செய்யும் முல்லைக்காரனாகவும் கூலிக்காரனாகவும் இருப்பவன் எந்த அமைப்பிலும் உறுப்பினன் அல்லன். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்து அன்றாடம் உலையேற்றும் பெண் எந்தச் சங்கப் பதிவேட்டிலும் மீனவள் அல்லள். வாய் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் நட்டம் முதலில் சென்று சேர்வது இவ்விருவரிடமே. காலநிலை மாற்றம் ஏழைகளை அதிகம் பாதிக்கிறது என்று மாநாடுகளில் ஒரு வாக்கியம் சொல்வார்கள். அந்த வாக்கியம் உண்மையாவது வானத்தில் அன்று. இத்தகைய பதிவேடுகளிலும் கூட்ட அறிக்கைகளிலுமே.

எழுவான்கரைக்குத் துன்பம் கிணற்றின் வழியாக வருகிறது. மணற்றிட்டின் அடியிலே, உவர்நீரின்மேல் மழைநீர் மெல்லிய படையாய் மிதந்து நிற்க, அதனையே தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடித்தனர். கடற்கோள் அக்கிணறுகளைக் கெடுத்தது. சனநெருக்கமும் மலசலகூடங்களும் மேலும் கெடுத்தன. இருபுறமும் உவர்நீர் நெருக்க, வரட்சி ஆண்டுகளில் அப்படை இன்னும் மெலிகிறது. இதற்குப் பரிகாரமாக உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவிலே சுத்திகரித்துக் குழாய் வழியே பட்டினத்துக்குக் கொணர்ந்தது உபகாரமான காரியமே. ஆனால் குளம் ஒன்று, உரிமை கோருவோர் இருவர் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. நீர் நிறைந்த ஆண்டில் இது எவருக்கும் தெரியாது. வற்றிய ஆண்டில், சிறுபோகத்துக்குக் கதவு திறப்பதா, பட்டினத்துக் குடிநீருக்கு நிறுத்திவைப்பதா என்னும் கேள்வி எழும். தாகத்துக்கு முதலிடம் என்பதே நியாயம். அந்த நியாயத்தின் விலையைக் கட்டுவது படுவான்கரை. குளத்தின் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு குழாய்நீர் காணாதிருக்கிறோம் என்று அங்குள்ள கிராமத்தார் முறையிட்டதும் நாம் கேட்டதே.

புயலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன். 1978ஆம் ஆண்டுப் புயலில் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்மாவட்டத்துத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்ததாகக் கணக்கிட்டார்கள். வெள்ளாமை அழிந்தால் ஒரு போகம். தென்னை அழிந்தால் மறுபடி காய் காண ஆறேழு ஆண்டுகள். காத்திருக்க முடிந்தவன் மறுபடி நட்டான்; முடியாதவன் காணியை விற்றான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தபோது, மரணங்கள் மிகுதியாக நேர்ந்தது மலையகச் சரிவுகளில். சரிவான இடத்தில், உறுதியற்ற வீட்டில், பிறருக்குச் சொந்தமான காணியில் அம்மக்கள் ஏன் குடியிருந்தனர் என்பது வானிலை அவதான நிலையம் விடைசொல்லக்கூடிய வினாவன்று.

தனியொரு வெள்ளத்தையோ புயலையோ காட்டி, இது காலநிலை மாற்றத்தின் பயன் என்று சாதிக்க நான் முன்வரவில்லை. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. உலகம் ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் சூடேறிவிட்டது. ஆகவே பெய்யும்போது கொட்டுவதும், பெய்யாதபோது உலர்ந்து காய்வதும் மிகும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. இந்தச் சூட்டுக்கு இந்நாடு செய்த பங்கோ மிகச் சிறிது. ஆண்டொன்றுக்கு ஓர் அமெரிக்கரின் கணக்கில் பதினான்கு தொன் அளவில் கரியமில வாயு எழ, ஓர் இலங்கையரின் கணக்கில் எழுவது ஏறத்தாழ ஒரு தொன். இறால் தடவும் பெண்ணின் கணக்கு அதனினும் எவ்வளவோ குறைவு. இந்நியாயத்தை ஏற்றே, 2022இல் எகிப்தின் ஷாம் எல் ஷேக்கில் கூடிய மாநாடு, இழப்புக்கும் சேதத்துக்குமென ஒரு நிதியம் அமைக்க உடன்பட்டது. அடுத்த ஆண்டு துபாயில் அது நடைமுறைக்கு வர, வாக்களிக்கப்பட்ட தொகை 70 கோடி டொலர் அளவில் நின்றது. வறிய நாடுகள் அனைத்துக்குமான தொகை அது என்பதை நினைக்க, பெருமூச்சு வருகிறது.

அப்பணம் வந்தாலும் படுவான்கரைக்கு எவ்வாறு வந்துசேரும் என்பதே என் கவலை. நட்டஈட்டுப் படிவத்தில் காணி உறுதி கேட்பார்கள். குத்தகைக்குச் செய்தவனிடம் உறுதி இல்லை. போரில் இடம்பெயர்ந்தவனிடம் உரிமை இருந்தும் உறுதி இல்லை. சுற்றாடலின் பெயரால் செய்யப்படும் காரியமெல்லாம் ஏழைக்கு நன்மை தரும் என்றும் எண்ணற்க. 2021ஆம் ஆண்டில் சேதனப் பசளை என்னும் நற்பெயரோடு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்த கட்டளையால், மழை ஒழுங்காகப் பெய்த வயலிலும் விளைச்சல் வீழ்ந்ததை நாம் கண்டோம். அங்கும் பிழையாய்ப் போனது தவணைதான்: பல ஆண்டுகளில் செய்யவேண்டியதை ஒரு பருவத்துக்குள் செய்யப் புகுந்தார்கள்.

எனக்குத் தோன்றும் யோசனைகள் இரண்டு, இரண்டும் சிறியவை. முகத்துவாரம் வெட்டும் தீர்மானத்தை, எந்த மட்டத்தில், யார் கேட்டு, யார் மறுத்து எடுக்கப்பட்டது என ஆண்டுதோறும் எழுதி வைத்து, பிரதேச செயலகச் சுவரிலே ஒட்டவேண்டும். அத்தீர்மானம் எடுக்கும் கூட்டத்தில் நிலமற்ற கூலிக்காரருக்கும் வாவியில் தொழில் செய்யும் பெண்களுக்கும் ஆசனம் வேண்டும். இரண்டாவது யோசனை ஆரம்பக் கூட்டத்தைப் பற்றியது. மழை பிந்தியமையால் விதைப்பின் கடைசி நாளைப் பின்தள்ளும் அதிகாரம் அக்கூட்டத்துக்கு இருக்கிறது. அந்நாள் தள்ளப்படும்போது, அந்த வட்டையில் செய்கைக்கென வாங்கப்பட்ட கடன்களின் தவணை நாளும், வங்கியாயினும் நுண்கடன் கம்பனியாயினும், வட்டி ஏறாமல் அத்தனை நாள் தானே தள்ளிப்போக வேண்டும் என்பதே நான் கேட்பது. வங்கிக்காரர் இதனை ஆக்ஷேபிப்பர். வைப்பாளரின் பணத்துக்கு யார் பிணை என்பர். நியாயமான கேள்வியே. அந்த இடைக்கால வட்டியைப் பொறுப்பதற்கு, மேற்சொன்ன சர்வதேச நிதியத்தின் பணத்தைவிடப் பொருத்தமான செலவு வேறு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. இதற்குப் புதிதாக ஒரு சட்டம் வேண்டுமா, அன்றி இருக்கும் சட்டத்தின்கீழ் ஒரு சுற்றுநிருபமே போதுமா என்பதைச் சொல்லவல்ல சட்ட அறிஞர்களும், கூட்டங்களுக்குத் தலைமை வகித்த உத்தியோகத்தர்களும், வட்டவிதானைமாரும் இவ்வவையில் இருக்கின்றனர். வினா நேரத்தில் அவர்கள் கூறுவதைக் கேட்க விரும்புகிறேன்.